விமானப் பணிப்பெண்கள் கற்றுத் தரும் பாடம்

2024 மே 7ஆம் தேதி இரவு. வளைகுடா நாடுகளுக்குப் புறப்பட வந்த பயணிகள் திருவனந்தபுரம், கொச்சி, கண்ணூர் விமான நிலையங்களில் பெட்டி படுக்கைகளோடு தவித்து நின்றார்கள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் விமானப் பணியாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் 'உடல்நிலை சரியில்லை' என்று விடுப்பு எழுதிக் கொடுத்து விட்டார்கள். மறுநாள் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின.

குமரி மாவட்டத்து மக்களுக்கு விமான நிலையம் என்றால் அது திருவனந்தபுரம்தான். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், தக்கலை, திருவிதாங்கோடு, இளங்கடை என்று எந்த ஊர்ச் சபராளியானாலும் களியக்காவிளையைத் தாண்டிப் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். விடுமுறை முடிந்து குறித்த நாளில் கம்பெனியில் போய் நிற்காவிட்டால் சம்பளம் வெட்டு. விசா முடியும் தறுவாயில் இருப்பவனுக்கோ வேலைக்கே ஆபத்து. ஆகவே அன்று நம் மக்கள் கோபப்பட்டதில் தவறு காண முடியாது.

ஆனால் அந்தக் கோபத்தோடு கூடவே ஒரு கேள்வியும் கடைவீதிகளில் கேட்டது. "ஏசி காற்றில் வேலை, கை நிறையச் சம்பளம், தங்குவதற்கு நட்சத்திர ஓட்டல். இவர்களுக்கு என்ன குறை? இவர்களுக்கும் ஒரு சங்கமா?"

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினால், அது நம்மையே திருப்பிக் கேட்கிறது. அதனால்தான் இந்தத் தலையங்கம்.

என்ன குறை இவர்களுக்கு?

2022 ஜனவரியில் ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் அரசின் கையிலிருந்து டாட்டா குழுமத்தின் கைக்குப் போயின. அதன்பின் அந்தக் குழுமத்தின் இன்னொரு விமான நிறுவனத்தையும் எக்ஸ்பிரஸோடு இணைக்கும் வேலை நடந்தது. இந்த இணைப்பில் படிகள் குறைக்கப்பட்டன, பழைய ஊழியர்களும் புதியவர்களும் சமமாக நடத்தப்படவில்லை, சம்பள விதிகள் மாற்றப்பட்டன என்பது ஊழியர் சங்கத்தின் குற்றச்சாட்டு. இது திடீரென்று ஒரு ராத்திரியில் கிளம்பிய புகாரல்ல. சங்கம் முன்பே தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தது. காகிதத்தில் கொடுத்த புகார் காகிதமாகவே கிடந்தது. பிறகுதான் விடுப்புப் போராட்டம்.

நிர்வாகம் 25 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மே 9ஆம் தேதி டெல்லியில் மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. நீக்கப்பட்ட 25 பேரும் திரும்ப எடுத்துக் கொள்ளப்பட்டார்கள். ஊழியர்கள் பணிக்குத் திரும்பினார்கள். அதிகாரிகள் முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசியிருந்தால், திருவனந்தபுரத்தில் நம் பிள்ளைகள் பெட்டியோடு காத்துக் கிடந்திருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. அன்று நாம் திட்டியது பணிப்பெண்களை. மாதக்கணக்கில் புகாரைக் கிடப்பில் போட்டவர்களை யாரும் திட்டவில்லை!

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம். அந்த ஊழியர் சங்கம் பாரதிய மஸ்தூர் சங்கத்தோடு இணைந்தது. அந்தப் பாசறையோடு நமக்குள்ள கருத்து வேறுபாடு ஊரறிந்தது. ஆனால் கேட்டவரின் கொடியைப் பார்த்து நியாயத்தை அளக்க முடியுமா? உழைத்தவன் தன் படியைக் கேட்டால், அவன் எந்தச் சங்கத்தில் இருந்தாலும் அது அவனுடைய படிதான்.

முப்பத்தைந்து வயதில் முதுமை!

பழைய கதை ஒன்றைச் சொன்னால் இவர்களுக்கு ஏன் சங்கம் என்பது விளங்கும்.

ஏர் இந்தியா முழுக்க முழுக்க அரசு நிறுவனமாக இருந்த காலம். அங்கே பணிப்பெண்களுக்கென்று தனி விதி இருந்தது. 35 வயதில் ஓய்வு. வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தால் வேலை போய்விடும். முதல் கருவைச் சுமந்தாலும் வேலை போய்விடும். 35க்கு மேல் நீட்டிப்பு வேண்டுமென்றால் அது நிர்வாக இயக்குநரின் விருப்பம். அதே விமானத்தில், அதே தட்டைத் தூக்கிப் பரிமாறும் ஆணுக்கோ 58 வயது வரை வேலை. பயணிகளின் கண்ணுக்கு அழகாகத் தெரிவதுதான் பெண்ணின் தகுதி என்று ஓர் அரசு நிறுவனமே எழுதி வைத்திருந்தது.

நர்கீஷ் மிர்சா என்ற பணிப்பெண்ணும் அவருடைய தோழிகளும் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 1981 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி சையத் முர்தஸா ஃபசல் அலி. உடன் அமர்ந்தவர்களில் ஒருவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஏ.வரதராஜன். தாய்மை அடைந்தால் வேலை நீக்கம் என்ற விதியைத் தூக்கி எறிந்தார்கள். நிர்வாக இயக்குநரின் தன்னிச்சை அதிகாரத்தையும் ரத்து செய்தார்கள். ஆனால் நான்கு ஆண்டுத் திருமணத் தடை செல்லும் என்று சொல்லி விட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓய்வு வயதில் வேறுபாடு இருக்கலாம் என்றும் சொல்லி விட்டார்கள்.

பாதி வெற்றி, பாதி தோல்வி. உச்ச நீதிமன்றமே சொல்லி விட்டது, இனி எங்கே போவது என்று அந்தப் பெண்கள் வீட்டில் உட்காரவில்லை. நீதிமன்றம் இருக்கும் சட்டத்துக்கு விளக்கம் சொல்லும் இடம். சட்டத்தையும் விதியையும் மாற்றும் இடம் வேறு என்பதைப் புரிந்து கொண்டார்கள். தங்கள் குறையை நாடாளுமன்றத்துக்கு மனுவாகக் கொண்டு போனார்கள். மக்களவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. குடிமக்கள் கொடுக்கும் மனுவை எம்.பி.க்கள் உட்கார்ந்து விசாரிக்கும் குழு அது. அந்தக் குழு வரை விஷயம் போயிற்று. 1989 அக்டோபரில் மத்திய அரசு ஏர் இந்தியாவுக்கு உத்தரவு போட்டது. பணிப்பெண்களுக்கும் ஓய்வு வயது 58 என்றானது.

உச்ச நீதிமன்றத்தில் கிடைக்காதது நாடாளுமன்றத்தின் வாசலில் கிடைத்தது. எட்டு ஆண்டுகள் ஆயின. ஆனாலும் கிடைத்தது!

சங்கத்துக்குள்ளேயும் காது வேண்டும்

கதை அதோடு முடிந்திருந்தால் சுபம் போட்டு விடலாம். முடியவில்லை. 58 வயது வரை வேலை உண்டு, ஆனால் குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு பெண்கள் விமானத்தில் பறக்கக் கூடாது, தரையில்தான் வேலை என்று நிர்வாகம் வழி கண்டுபிடித்தது. அந்த வயது பிறகு ஐம்பதானது. பறந்தால்தான் படி. தரையில் உட்கார வைத்தால் வருமானம் குறையும்.

மீண்டும் வழக்கு. மும்பை உயர் நீதிமன்றம் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஏர் இந்தியா விமானப் பணியாளர் சங்கம்! 2003 ஜூலையில் தீர்ப்பு அந்தச் சங்கத்தின் பக்கமே வந்தது. ஆணும் பெண்ணும் சந்தா கட்டும் சங்கம், பெண்களுக்கு எதிராக நீதிமன்றப் படியேறியது. சங்கம் நிர்வாகத்தோடு செய்து கொண்ட பழைய ஒப்பந்தங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம்.

இதைப் படிக்கும் ஒவ்வொரு அமைப்பும் ஜமாஅத்தும் சங்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எல்லோருக்காகவும் பேசுகிறோம் என்று மேடை போட்டுச் சொல்கிறோம். நம்முள் எளியவர்களின் குறை நம் காதில் விழுகிறதா? பெரும்பான்மையின் குரலையே எல்லோருடைய குரலாக ஆக்கி விடுகிறோமா? வெளியே நீதி கேட்பவர்கள் உள்ளே நீதி செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவிலும் பணிப்பெண்களுக்கு இதே வயது வரம்பு, இதே திருமணத் தடை. 1965இல் தங்கள் குறையைச் சொல்ல அவர்கள் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு முன் போனார்கள். அங்கிருந்த ஓர் உறுப்பினர் அவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். பிரச்சினை எவ்வளவு பெரிது என்று பார்க்கலாமாம்! அவமானப்பட்டாலும் அவர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 1968இல் அந்நாட்டின் சமவாய்ப்பு ஆணையம் அந்த விதிகள் சட்ட விரோதம் என்று சொன்னது.

அதன்பின் சிகரெட். ஒரு காலத்தில் விமானத்துக்குள் புகை பிடிக்கலாம். மூடிய கூண்டுக்குள் மணிக்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பணிப்பெண்கள். எதிரே நின்றது கோடி கோடியாகப் பணம் புரளும் புகையிலைக் கம்பெனிகள். சங்கம் ஒவ்வொரு உறுப்பினராகப் போய்ப் பார்த்தது. நோயுற்ற பணிப்பெண்களைக் கூட்டிப் போய்ச் சாட்சி சொல்ல வைத்தது. 1988இல் இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட விமானங்களில் தடை. 1990இல் உள்நாட்டு விமானங்கள் ஏறத்தாழ அனைத்திலும் தடை. 2000இல் அந்நாட்டுக்குப் போய்வரும் எல்லா விமானங்களுக்கும் சட்டம். பன்னிரண்டு ஆண்டுகளில் படிப்படியாகப் பெற்றார்கள். இன்று நம் சபராளி ரியாத்துக்கும் துபைக்கும் புகையில்லாத காற்றில் பறப்பதற்குப் பின்னால் இத்தகைய போராட்டங்கள் இருக்கின்றன.

ஓய்வு நேரமும் அப்படியே. இரண்டு பணிகளுக்கு இடையில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு வேண்டும் என்று கேட்டார்கள். 2018இல் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதிகாரிகள் அதை விதியாக எழுதி முடித்தது 2022 அக்டோபரில். சட்டம் வந்த பிறகும் நான்கு ஆண்டுகள் துரத்த வேண்டியிருந்தது. கெஜட்டில் வந்து விட்டால் வேலை முடிந்தது என்று மாலை மரியாதையோடு வீடு திரும்பும் நம் தலைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் இன்று

நம் நாட்டில் சட்டம் எந்தத் திசையில் போகிறது? 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கினார்கள். அவற்றில் மூன்று, 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்து வெளியே நின்றபோது நிறைவேறின. 2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கும் நடைமுறைக்கு வந்தன. விமானம், ரயில் போன்ற பொதுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் வந்து விட்டது. 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே.

திடீர் விடுப்பால் பயணி பாதிக்கப்படுகிறான், அதைத் தடுக்க வேண்டும் என்ற வாதத்தை நாம் தள்ளி விடவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நாமும்தானே. ஆனால் வேலையை நிறுத்தும் கதவைச் சாத்தினால், முறையீட்டைக் கேட்கும் கதவை அகலத் திறக்க வேண்டும். இரண்டையும் சாத்தினால் உள்ளே புழுங்குவது ஒருநாள் வெடிக்கும்.

தமிழகத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. பத்தே நாளில், மே முதல் நாளன்று, மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நிறைவேறிய மசோதாவையும் திருப்பி அனுப்ப முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வாலிபர்களே, உங்களுக்கு

பெரும்பாலான வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளி சங்கம் அமைக்க முடியாது. அங்கே வாய் மூடித்தான் இருக்க வேண்டும். ஆனால் இங்கே வாய் இருக்கிறதே, அதை எதற்குப் பயன்படுத்துகிறோம்?

திருவனந்தபுரத்தில் ஒரே விமானத்தில் ஏறுகிறோம். பக்கத்து இருக்கையில் ஒரு மலையாளி. அவனுக்கும் நமக்கும் ஒரே டிக்கெட், ஒரே கம்பெனி, ஒரே பாலைவனம். ஆனால் வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கென்று கேரளம் 1996இலேயே தனி அரசுத் துறை அமைத்து விட்டது. 2008இல் நல வாரியத்துக்குச் சட்டம் போட்டு ஓய்வூதியத்துக்கும் வழி செய்தது. தமிழகத்தில் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் வந்தது 2011இல். வாரியம் செயலுக்கு வந்ததோ அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. ஏன் இந்த இடைவெளி? அவர்கள் ஊர் தோறும் சங்கம் வைத்துச் சட்டமன்ற உறுப்பினரைத் துளைத்தெடுத்தார்கள். நாம் டிக்கெட் விலை ஏறினால் டிராவல்ஸ்காரரிடம் சண்டை போட்டோம்.

பெருநாள் வந்தால், பள்ளி விடுமுறை வந்தால் கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்காகிறது. சம்பளம் கிடைக்காமல் அங்கே சிக்கியவனின் உம்மா இங்கே யாரிடம் போய் மனு கொடுப்பது என்று தெரியாமல் அலைகிறாள். இவற்றைத் தேதியோடு, பயணச் சீட்டின் நகலோடு, ஒப்பந்தத்தின் நகலோடு தொகுத்து வைத்திருக்கிறோமா? நம் மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஓர் எம்.பி. இருக்கிறார். மக்களவையில் இருப்பது போலச் சட்டமன்றத்திலும் மனுக்கள் குழு இருக்கிறது. தேர்தல் நேரத்தில் வாக்குறுதி வாங்குவதோடு சரி, ஐந்து ஆண்டும் அவர்களைக் கேள்வி கேட்டுக் கொண்டிருக்கும் பழக்கம் நமக்கு இல்லை.

இது நம் மண்ணுக்குப் புதியதும் அல்ல. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழகத்தோடு இணைந்தது எப்படி? தெருவில் இரத்தம் சிந்தினார்கள். கூடவே சட்டசபைக்கு ஆளனுப்பி அங்கேயும் பேசினார்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டவர்களின் பேரப் பிள்ளைகள் நாம்.

வணிகப் பெருமக்களே, உங்களுக்கும்

கசப்பாக இருந்தாலும் இதையும் சொல்லியாக வேண்டும்.

மே 5ஆம் தேதி வணிகர் தினம். கடையை அடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். வரியைக் குறை, அதிகாரிகளின் கெடுபிடியை நிறுத்து என்று அமைச்சர்களிடம் தீர்மானம் கொடுக்கிறோம். நியாயமான காரியம். வணிகர் சங்கம் ஆட்சியாளர்களிடம் போய்க் கேட்கலாம் என்றால், நான்கு நாள் முன்பு மே தினம் கொண்டாடும் தொழிலாளியின் சங்கமும் கேட்கலாம்தானே? நாம் கேட்டால் உரிமை, அவன் கேட்டால் திமிரா?

விமானப் பணிப்பெண் நாள் முழுக்க நின்று கொண்டே வேலை செய்கிறாள். நம் ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்ணின் நிலை என்ன? காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது மணிக்குத்தான் உட்கார முடியும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக் கூடாது. கோழிக்கோட்டுக் கடைவீதிப் பெண்கள் கழிப்பறை கேட்டும், உட்கார நாற்காலி கேட்டும் அமைப்பாகத் திரண்டார்கள். 2018இல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைத் தந்தது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றமும் அதே திருத்தத்தை நிறைவேற்றியது. கடை, நிறுவனம் எதுவானாலும் ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்பது இன்று இந்த மாநிலத்தின் சட்டம்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் நம்மவர்களின் கடைகள் எத்தனை! எத்தனை கடைகளில் அந்த நாற்காலி இருக்கிறது? இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் குடோனிலிருந்து எடுத்துப் போடும் ஸ்டூலை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

கூலி பற்றிய நபிமொழியை மேடைதோறும் சொல்லும் சமுதாயம் நாம். சவூதியில் கபீல் நம் பிள்ளையின் சம்பளத்தைப் பிடித்து வைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. இங்கே கடைப் பையனின் வார விடுமுறையைப் பிடித்து வைக்கும்போது அதே நெஞ்சு ஏன் கொதிப்பதில்லை? அவனும் ஒரு வாப்பாவுக்குப் பிள்ளை.

இனி என்ன செய்யப் போகிறோம்?

பணிப்பெண்கள் நமக்குக் கற்றுத் தருவது இதுதான். தனியாகக் கோபப்பட்டால் அது டீக்கடைப் பேச்சு. ஒன்று சேர்ந்து, ஆதாரத்தோடு எழுதி, சட்டம் செய்கிறவரின் மேசையில் வைத்து, பதில் வரும் வரை விடாமல் கேட்டால் அது சட்டமாகிறது. தோற்றால் மறுபடி போக வேண்டும். ஜெயித்தால், அது நடைமுறைக்கு வருகிறதா என்று காவல் இருக்க வேண்டும்.

வாலிபர்களே! ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ச் சகோதரர்களின் குறைகளைத் தேதியிட்டு எழுதுங்கள். ஆதாரங்களைச் சேருங்கள். மதம் பார்க்காமல் மீனவக் கிராமத்துச் சகோதரனையும் நாடார் சகோதரனையும் சேர்த்துக் கொள்ளுங்கள். விமானத்தில் அவர்களும் நம்மோடுதான் உட்காருகிறார்கள். ஆறு எம்.எல்.ஏ.க்களிடமும் எம்.பி.யிடமும் ஒரே மனுவாகக் கொண்டு போங்கள்.

வணிகர்களே! நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். மனு வேண்டாம், மாநாடு வேண்டாம். நாளைக் காலை கடை திறக்கும்போது ஒரு நாற்காலியை எடுத்துப் போடுங்கள்.

நமக்கு நீதி கேட்டுப் போகும் தகுதி அந்த நாற்காலியில் இருந்து தொடங்கட்டும்.